முகூர்த்தத்தில் எண்ணிய நாற்காலிகள்

பி.காம். இரண்டாம் வருஷப் பரீட்சை முடிந்த மறுநாளே நான் வேலை தேடக் கிளம்பிவிட்டேன். சம்பளத்துக்காக இல்லை. ஆடிட்டர் ஆவது என்று பிளஸ் டூ படிக்கும்போதே முடிவு பண்ணியிருந்தேன், ஆனால் ஆடிட்டர் என்று ஒருவரை நேரில் பார்த்ததே கிடையாது. எங்கள் பாடாலூரில் டாக்டரைப் பார்க்கலாம், வக்கீலைப் பார்க்கலாம், ஹைவேயில் கொஞ்ச நேரம் நின்றால் மந்திரியைக்கூடப் பார்க்கலாம். ஆடிட்டர் மட்டும் கண்ணில் பட்டதில்லை. அவர் காலையில் எழுந்து என்ன செய்வார், எங்கே போவார், போன இடத்தில் எதைத் தொட்டுப் பார்ப்பார் என்று எதுவும் தெரியாமலேயே ஆகப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஹைவே ஓரத்தில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். "ஆகறதுக்கு முன்னாடி ஒரு தடவ பக்கத்துல நின்னு பாத்துடு," என்றார். அவர் அந்தத் தொழிலுக்கு வந்ததும் அப்படித்தானாம்.

பெரம்பலூரில் இரண்டு ஆபீஸ்களில் கேட்டேன். ஒரு இடத்தில் லீவில் வருகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் கம்ப்யூட்டரில் பில் ஏற்ற வேண்டுமானால் வா, வெளியே ஆடிட்டுக்குப் போவதெல்லாம் பையன்கள்தான் என்றார்கள். பில் ஏற்றுவதை நான் தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரிலேயே கற்றுக்கொண்டாயிற்று. எனக்கு வெளியே போக வேண்டும். கடைசியில் கல்லூரியில் எனக்கு ஒரு வருஷம் மூத்த அக்கா ஒருத்தி, தான் போகிற ஆபீஸில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அவள் வரதராஜன்பேட்டைக்காரி. அம்மா டீச்சர். அக்கா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையைத் தவற விடமாட்டாள், எதற்கும் பதறவும் மாட்டாள். அந்த ஆபீஸ் அரியலூரில் இருந்தது, ஆடிட்டர் ஒரு பெண்மணி.

மேடத்தைப் பார்க்கப் போன அன்று நான் டெபிட், கிரெடிட், தேய்மானம் என்று பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டு போனேன். ஜன்னலுக்கு வெளியே சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்தன. அரியலூர் நெருங்க நெருங்க ரோட்டோர வேப்ப மரமெல்லாம் மாவு பூசிக்கொண்ட மாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது. மேடம் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே என் காலைப் பார்த்தார்.

"இந்தச் செருப்பு அறுந்துடும். நடக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு நாளைக்கு வா. சம்பளம் கிடையாது, பஸ் காசு தருவேன்."

அவ்வளவுதான். நான் வெளியே வந்து மாடிப்படியில் இறங்கும்போது காரணமே இல்லாமல் சிரித்தேன். எதிரே ஏறி வந்த ஒருவர் ஒதுங்கி நின்று என்னைப் போகவிட்டார்.

முதல் வாரம் முழுக்க எனக்கு அந்தச் சிரிப்பு அடங்கவே இல்லை. வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினேன். பச்சை மையில் டிக் போடச் சொன்னார்கள். அந்தப் பச்சைப் பேனா என் கைக்கு வந்த அன்று, தேவையே இல்லாத இடங்களில்கூட டிக் போட ஆசையாக இருந்தது. ஆடிட் ஆபீஸில் வாடிக்கையாளரைப் 'பார்ட்டி' என்று சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டேன். வீட்டில் போய், "இன்னைக்கு ரெண்டு பார்ட்டி வந்தாங்க," என்று நான் சொன்னதும் அம்மா, "ஆபீஸ்லயா? கேக் வெட்டுனாங்களா?" என்றாள்.

இரண்டாவது வாரம்தான் பந்தல்காரர் விஷயம் வந்தது.

அவர் எங்கள் பார்ட்டிகளில் ஒருவர். பந்தல் போடுவார், பிளாஸ்டிக் நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுவார். அந்த நாற்காலிகளையும் பாத்திரங்களையும் காட்டித்தான் பேங்க்கில் கடன் வாங்கியிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, சொன்ன பொருளெல்லாம் நிஜமாகவே இருக்கிறதா என்று ஆடிட்டர் எண்ணிப் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். மேடம் போன் போடும்போதெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"வைகாசி மாசம் மேடம். குடோன்ல ஒரு சேர் கூட இல்ல. எல்லாம் கல்யாணத்துல இருக்கு."

அக்கா குனிந்த தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டே, "சித்திரைலயும் இதத்தான் சொன்னாரு," என்றாள்.

திங்கட்கிழமைக்குள் சான்று வேண்டும் என்று பேங்க்கில் சொல்லிவிட்டார்கள். மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டு, வருகிற முகூர்த்தத்துக்கு நாற்காலி எங்கே போகிறது என்று கேட்டார். தா.பழூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம், வயல்காட்டிலேயே பந்தல், தன்னிடம் இருக்கிற மொத்த நாற்காலியும் மொத்தப் பாத்திரமும் அங்கேதான் என்றார் பந்தல்காரர்.

"அப்ப ரொம்ப வசதி," என்றார் மேடம். "எங்க பொண்ணுங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்கே வந்து எண்ணிடுவாங்க."

அந்தப் பக்கம் அவர் இரண்டு தடவை இருமினார். பிறகு, "பத்திரிக அனுப்பிடவா மேடம்?" என்றார் அவர்.

மேடத்துக்கு அன்றைக்குத் திருச்சியில் வேறு வேலை. எங்கள் இருவரையும் நிற்க வைத்து மூன்று விஷயம் சொன்னார். பார்ட்டி வண்டியில் ஏறக் கூடாது. பார்ட்டி கொடுக்கிற காபி, ஜூஸ், சாப்பாடு எதையும் தொடக் கூடாது. அவர் சொல்வதை எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். "ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணணும். ஒருத்தி நம்பரை இன்னொருத்தி கேக்கக் கூடாது," என்று நான்காவதாகவும் ஒன்று சேர்த்தார்.

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் ஆடிட்டுக்குப் போகிறேன். அதுவும் கல்யாணத்துக்கு.

முந்தின நாள் அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். காலையில் நான் ஆபீசுக்குப் போகிற சுடிதாரோடு வந்து நின்றதும் அக்கா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்படியே கல்யாண வூட்டுக்குள்ள போனா கேட்டரிங் புள்ளன்னு நெனச்சி சாம்பார் வாளியக் கையில குடுத்துடுவாங்க. அப்பறம் எங்க எண்ணுறது?"

அவளுடைய அம்மா இரண்டு பட்டுப்புடவைகளை எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கட்டிவிட்டதும் அவரேதான். கொசுவத்தில் நான்கைந்து ஊக்கு குத்திவிட்டு, "ஓடுற வேலையெல்லாம் இருக்காதுல்ல?" என்று கேட்டார். "சும்மா எண்ணுற வேலைதான் ஆன்ட்டி," என்றேன். தலை நிறைய மல்லிகைப்பூ, கையில் பரீட்சை எழுதுகிற அட்டை, அதில் கவ்விய வெள்ளைத்தாள், பச்சைப் பேனா. பஸ்ஸில் எங்களைப் பார்த்த கண்டக்டருக்கு நாங்கள் கல்யாணத்துக்குப் போகிறோமா பரீட்சைக்குப் போகிறோமா என்று புரியவில்லை.

பந்தல் வாசலில் செண்டை மேளம் காதைப் பிளந்தது. பந்தல்காரர் வெள்ளைச் சட்டையில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். குள்ளமான, உருண்டையான மனிதர். நிற்கும்போதும் ஓடுகிற மாதிரியே நிற்பார்.

"வாங்க பாப்பா, வாங்க. மொதல்ல டிபன் சாப்புடுங்க. பொங்கல் சூடா இருக்கு."

"வேணாங்க," என்றாள் அக்கா.

"காபியாவது?"

"வேணாங்க."

"கல்யாண வூட்டுக்கு வந்துட்டு பச்சத் தண்ணி கூட வேணாம்னா பொண்ணு வூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? எம் மேல கோவம்னு நெனப்பாங்க."

பொங்கலின் நெய் வாசனை எனக்கு மூக்கில் ஏறி நின்றது. நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டேன்.

பாத்திரத்திலிருந்து ஆரம்பித்தோம். அவருடைய சாமான்களுக்கு அடையாளம் ஒரு நட்சத்திரம். பாத்திரத்தில் பொறித்திருப்பார், நாற்காலி முதுகில் நீலப் பெயிண்டில் போட்டிருப்பார். பந்தலுக்குப் பின்னால் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. குண்டான், வாளி, கரண்டி எல்லாம் சுலபமாக முடிந்தது. பெரிய அண்டாக்களில்தான் நட்சத்திரம் எங்கே என்று தெரியவில்லை.

"அடியில இருக்கு பாப்பா," என்றார் பந்தல்காரர்.

அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. தலைமைச் சமையல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கவுத்துக் காட்டட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, நெருப்பு வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து அடிவிளிம்பைப் பார்த்து, "இருக்கு. நீயும் பாத்துட்டு எழுதிக்க," என்றாள். புடவை முந்தானையில் கரி. அவள் அம்மா புடவை.

அடுத்தது நாற்காலி. இங்கேதான் எங்கள் படிப்பெல்லாம் சந்தி சிரித்தது.

குடோனில் என்றால் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அடுக்கை எண்ணினால் போதும். இங்கே ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு ஆள். அந்த ஆள் பேசுகிறார், எழுந்து போகிறார், மச்சானுக்காக இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடுகிறார். போதாததற்கு மாப்பிள்ளை வீட்டார், நாற்காலி பத்தாது என்று ஜெயங்கொண்டத்திலிருந்து வேறொருவரிடம் எடுத்து வந்து இடையில் கலந்துவிட்டிருந்தார்கள். அதன் முதுகில் சிவப்பு வட்டம். ஆக, நாற்காலியை மட்டும் எண்ணினால் போதாது, முதுகைப் பார்த்து நட்சத்திரமா வட்டமா என்று தெரிந்து எண்ண வேண்டும். நாற்காலியின் முதுகு தெரிய வேண்டுமானால் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் குனிய வேண்டும்.

நான் குனிந்தேன். முதல் வரிசையில் ஒரு பெரியவர் திரும்பி, "என்னம்மா தேடுற?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. சேர் பாக்குறேன்."

"அட, சேர் இல்லையா உனக்கு? தம்பி, இந்தப் பாப்பாவுக்கு ஒரு சேர் போடு."

ஒரு இளைஞர் எங்கிருந்தோ நாற்காலி கொண்டு வந்து எனக்குப் பின்னால் போட்டார். அந்த நாற்காலியை நான் ஏற்கெனவே எண்ணியிருந்தேனா இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது வரிசையை இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு விடை வந்தது. ஒரு குழந்தை நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு யானை மாதிரி என்னைக் கடந்து போனது. அதன் முதுகில் நட்சத்திரம்.

அட்டையும் பேனாவுமாக நின்றதில் இன்னொரு சிக்கல். வெற்றிலை போட்டுக்கொண்டே வந்த ஒருவர் என் கையில் ஒரு கவரைத் திணித்து, தன் பெயரையும் ஊரையும் அப்பா பெயரையும் மெதுவாக, எழுத்துப் பிழை வராத மாதிரி சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மொய் எழுதுற எடம் அங்கங்கய்யா," என்றாள் அக்கா.

"அப்ப நீங்க என்ன எழுதுறீங்க?"

"சேர்."

அவர் கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சேர் மொய்யா வெச்சிருக்காங்களா? யாரு?" என்றார்.

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வருகிறது, அக்காவோ என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நிற்கிறாள். அவள் தோள் குலுங்குவதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இதற்குள் பச்சைப் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா எங்களைக் கவனித்துவிட்டார். அக்காவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். எந்த ஊரு, யாரு வூட்டுப் பொண்ணு, என்ன படிக்கிற என்று வரிசையாகக் கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னாள். "ஆடிட் வேலையா வந்திருக்கோம்ங்க," என்றதும் அந்த அம்மா, "ஆடி கழிச்சி வேலையா? அதுவும் நல்லதுதான், ஆவணில முகூர்த்தம் நெறைய இருக்கு," என்றார்.

எனக்கு இனிமேல் முடியாது என்று ஆகிவிட்டது. பந்தலின் ஓரத்துக்குப் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மொத்தக் கூட்டமும் தெரிந்தது. மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார், பெண்ணைக் கூட்டி வரப் போயிருக்கிறார்கள். தட்டில் அட்சதையை வைத்துக்கொண்டு இரண்டு சின்னப் பெண்கள் வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். என் கையிலும் கொஞ்சம் போட்டார்கள். அந்த மஞ்சள் அரிசியைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"அக்கா, தாலி கட்டறப்ப எல்லாரும் எந்திரிப்பாங்கல்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலிகளைப் பார்த்தாள். "எந்திரிப்பாங்க. எந்திரிச்சி முன்னாடி போவாங்க," என்றாள். "எவ்ளோ நேரம் நிப்பாங்க?"

"மால மாத்தி, மெட்டி போட்டு, போட்டோ எடுத்து முடியிற வரைக்கும்," என்றேன்.

"நீ எடது பக்கம். நான் வலது. நடுவுல பாதை இருக்கு, அதான் எல்லை. முடிச்சிட்டு பக்கம் மாத்திக்கணும். நம்பர் சொல்லாத."

பந்தல்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அந்த நேரத்தில் அவருடைய ஆட்கள் யாரும் ஒரு நாற்காலியையும் நகர்த்தக் கூடாது. பந்தியில் கிடக்கிற நாற்காலிகளும் அப்படி அப்படியே இருக்க வேண்டும், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறோம். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேலையாட்களைக் கூப்பிட்டு, ஏதோ போர் நடக்கப்போகிற மாதிரி மூலைக்கு ஒருவராக நிறுத்தினார்.

நாங்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றோம். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். மேடையில் ஐயர் கையை உயர்த்தினார். கெட்டி மேளம்.

மொத்தப் பந்தலும் ஒரே ஆளாக எழுந்தது. நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் காலியாகி, முதுகு முதுகாக, நீலமும் சிவப்புமாக என் முன்னால் விரிந்தன. நான் ஓடினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் ஆரம்பித்தது, மேளச் சத்தத்தில் என் எண்ணிக்கை எனக்கே கேட்காமல் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் கத்தவே ஆரம்பித்துவிட்டேன். வட்டத்தை விடு, நட்சத்திரத்தைத் தொடு. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் கையால் தட்டிக்கொண்டே போனேன். முன்னால் நின்றவர்கள் எறிந்த அட்சதையில் பாதி மேடைக்குப் போகாமல் என் தலையில் விழுந்தது. ஊக்கு ஒன்று தெறித்தது. அந்தப் பக்கம் அக்கா, வாழ்நாளில் ஓடியே பார்த்திராத அக்கா, ஒரு கையில் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வரிசை தாவிப் போய்க்கொண்டிருந்தாள். வீடியோக்காரர் மேடையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் கேமராவைத் திருப்பினார்.

முன்வரிசையை முட்டியதும் எண்ணிக்கையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, நடுப்பாதையில் ஒருவரையொருவர் கடந்து, பக்கம் மாறி, மறுபடி பின்னாலிருந்து. மேடையில் மெட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி நட்சத்திரத்தைத் தட்டியபோது முதல் ஆள் திரும்பி வந்து அதில் உட்கார்ந்தார்.

பந்தியிலும் ஓரங்களிலும் கிடந்ததை எண்ணி முடித்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே, டிராக்டர் நிழலில் போய் நின்றோம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அக்கா தன் கையை விரித்தாள். நான் என் கையை விரித்தேன். வேர்வையில் மை கொஞ்சம் கலங்கியிருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. இரண்டு பேருடைய கூட்டலும் ஒன்றே. ஒரு நாற்காலி கூட வித்தியாசம் இல்லை.

நான் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவளும் குதித்தாள் என்றுதான் நினைக்கிறேன், எங்களுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி மிரண்டு எழுந்து நின்றது. கணக்கு ஒத்துப்போவது என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. கல்லூரியில் பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் நிம்மதியாக இருக்கும், அவ்வளவுதான். இது வேறு. வெயிலில், பட்டுப்புடவையில், மூச்சிரைக்க, என் கையில் இருப்பது நிஜம் என்று இன்னொருத்தியின் கை சொல்கிறது.

பிறகுதான் பந்தல்காரர் கொடுத்திருந்த பட்டியலை எடுத்தோம். எங்கள் எண்ணிக்கை அதைவிட அதிகம். ஒன்றிரண்டு இல்லை, ஐம்பதுக்கு மேல்.

"கொறையும்னுதான் நெனச்சேன்," என்றாள் அக்கா. அவளுக்கே குழப்பமாக இருந்தது.

எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. ஓடும்போது தட்டிய நட்சத்திரங்களில் சிலது வழவழவென்று இல்லாமல் சொரசொரவென்று இருந்தன. அந்த இடத்தில் வேறு ஏதோ இருந்து, அதைச் சுரண்டிவிட்டு மேலே நட்சத்திரம் போட்ட மாதிரி. போய்ப் பார்த்தோம். கூட்டம் பந்திக்கு நகர்ந்துவிட்டதால் இப்போது நிதானமாகவே பார்க்க முடிந்தது. சொரசொரப்பான நட்சத்திரங்களை மட்டும் எண்ணினோம். கூடுதலாக வந்த எண்ணிக்கையும் அதுவும் சரியாக இருந்தது.

பந்தல்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் காலையிலிருந்து முதல்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது எம் மச்சானோடது பாப்பா. செந்துறைப் பக்கம் அவனும் இதே தொழில்தான் பண்ணான். சிங்கப்பூர் போறப்ப, 'மாமா, சும்மா கெடந்தா வெயில்ல வெடிச்சிடும், நீயே ஓட்டு, வாடகைல பாதிய எங்க அக்காகிட்ட குடுத்துடு'ன்னுட்டுப் போயிட்டான். கலந்து கெடக்கட்டும்னு என் நட்சத்திரத்தையே போட்டுட்டேன்." என் முகத்தைப் பார்த்து, "கூடத்தானே இருக்கு? கொறைஞ்சாத்தானே பேங்க்குக்குக் கஷ்டம்?" என்றார்.

"கூட இருந்தா அதும் உங்களோடதுன்னு பேங்க்ல நெனச்சிடுவாங்க இல்லைங்களா," என்றேன். "நாளைக்கு உங்க மச்சான் வந்து கேட்டா?"

"ஆமால்ல," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் வருவான். சேர்னா உசுரு அவனுக்கு," என்றார்.

மேடத்துக்குப் போன் போட்டேன். எடுத்ததும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: கெட்டி மேளம், உள்ளங்கை, சுரண்டின இடம், மச்சான். அந்தப் பக்கம் மேடம் கடலை மிட்டாய் கடிக்கிற சத்தம் கேட்டது. முடித்ததும், "மச்சானோடதுன்னு அவர் கைப்பட எழுதி வாங்கிக்க. குறிப்பை நீயே எழுது. நான் பாத்துக்கறேன்," என்றார்.

நான் வைக்கப் போகும்போது அக்கா போனை வாங்கினாள். "மேடம், ஒரு சந்தேகம். பசிக்குது. சாப்பாடு பார்ட்டி குடுக்கிறதா, கல்யாண வூடு குடுக்கிறதா?"

அந்தப் பக்கம் மேடம் சிரித்தது எனக்கே கேட்டது. "கல்யாண வீட்டோடது. போய்ச் சாப்பிடுங்க. பார்ட்டி மட்டும் பரிமாறக் கூடாது."

பந்தியில் உட்கார்ந்தோம். அப்படி ஒரு பசி. வடையும் அப்பளமும் வைத்து, சாம்பார் ஊற்றினார்கள், அது எந்த அண்டா என்றுகூட எங்களுக்குத் தெரியும். பாயசம் வரும் நேரத்தில் பந்தல்காரரே வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் இலைக்கு வந்துவிட்டார். அக்கா இலைக்கு மேல் கையை விரித்துக் குடை மாதிரி பிடித்தாள்.

"நீங்க ஊத்தக் கூடாதுங்க."

"ஏன் பாப்பா?"

"ரூல்."

அவர் எங்களையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற பெண் வீட்டுப் பையனிடம் வாளியைக் கொடுத்து, இரண்டடி தள்ளி நின்று, "நல்லா ஊத்துப்பா, இன்னும் ஒரு கரண்டி," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு ரூல் எதுவும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜெயங்கொண்டம் வரும்வரை நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம். ஒருத்தி அடக்கினால் இன்னொருத்தி, "சேர் மொய்," என்பாள், மறுபடி ஆரம்பிக்கும். அக்கா இறங்கிய பிறகு நான் தனியாகவும் சிரித்தேன். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி என்ன கூட்டு என்பது. இரண்டாவது, பெண்ணுக்கு எத்தனை பவுன். அப்பா டயரைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "தேடிப் போயி கையால தடவிப் பாத்தாத்தான் எங்க ஒட்டியிருக்குன்னு தெரியும்," என்றார். அவர் டயரைப் பற்றிச் சொன்னாரா என்னைப் பற்றிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்க் குறிப்பை எழுதினேன். குறிப்பிட்ட நாற்காலிகள் மூன்றாம் நபருக்குச் சொந்தமானவை, பார்ட்டியின் பொறுப்பில் மட்டும் உள்ளன, எனவே கடனுக்கான இருப்பில் சேர்க்கப்படவில்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதால் பல தடவை அடித்து அடித்து எழுதினேன். மேடம் ஒரு கமாவை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே விட்டார். பிரிண்ட் வந்ததும் அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். கையெழுத்து மேடத்தினுடையது, முத்திரை மேடத்தினுடையது, அந்த வரி என்னுடையது.

அந்த வாரக் கடைசியில் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. பச்சைப் புடவை அம்மா, பந்தல்காரரிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். அக்காவைப் பற்றி விசாரித்தார். பையன் அரசாங்க வேலையில் இருக்கிறானாம். மேடம், "பொண்ணு சர்ச்சுக்குப் போறவங்கம்மா," என்று சொல்லிப் பார்த்தார். "அதனால என்ன, ஓட்டம் நல்லா இருந்துச்சே," என்றாராம் அந்த அம்மா. மேடம் போனை வைத்துவிட்டு, இதை எந்த ஃபைலில் வைப்பது என்று அக்காவைக் கேட்டார். அக்கா தலை நிமிராமல், "பெண்டிங்ல போடுங்க மேடம்," என்றாள்.

காலேஜ் திறந்தது. மூன்றாம் வருஷத்தில் தணிக்கை ஒரு பாடம். இருப்புச் சரிபார்ப்பு என்ற அத்தியாயம் வந்தபோது எங்கள் புரொபசர், இதெல்லாம் ரொம்ப வறண்ட பகுதி, இரண்டு மார்க் கேள்விதான் வரும் என்று பக்கத்தைத் திருப்பப் போனார். நான் கையைத் தூக்கிவிட்டேன். என்ன என்றார். சொல்ல ஆரம்பித்தேன். கெட்டி மேளம் வரும்போது கடைசி பெஞ்சில் ஒருத்தி மேசையைத் தட்டி மேளம் அடித்தாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. புரொபசர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை, அடுத்த வகுப்பிலும் அதையே நடத்தினார்.

டிகிரி முடித்து, சி.ஏ.வுக்குப் பதிவு பண்ணி, பயிற்சிக் காலத்துக்கு அதே மேடத்திடமே சேர்ந்தேன். இப்போது பஸ் காசோடு சம்பளம் மாதிரி ஒன்றும் வருகிறது. அக்கா திருச்சியில் ஒரு பெரிய ஆபீஸில் இருக்கிறாள், இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பந்தல்காரரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வந்து, தன் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார், இப்போது அவரும் எங்கள் பார்ட்டி.

நாளைக்குப் பெரம்பலூர் பக்கம் ஒரு கோழிப் பண்ணை. உயிரோடு இருக்கிற கோழிகளை எண்ணிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் மேடம். எப்படி எண்ணுவது என்று கேட்டேன். தனக்கும் தெரியாது, பண்ணைக்காரருக்கும் தெரியாது, நாளைக்கு வந்து சொல்லு என்றார். மத்தியானத்திலிருந்து எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.